உமிக்கரி மெத்தையும் நான் போடாத கையெழுத்தும்

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த பக்கீர் முகம்மதுவின் தம்பி சேக் தாவூது அவர்களே, தையல் கூடத்துத் தாய்மார்களே, திருவையாற்றுப் பெரியோர்களே, வணக்கம். எனக்கு மேடை பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

நம் பக்கீர் முகம்மது என்ன செய்தார்? அரிசி ஆலை உமியைக் கரியாக்கி, கஞ்சிப் பசையால் துணியில் படியவைத்து, மேல் துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே அடுக்கினார். பூனையும் நாயும் படுக்கும் மெத்தையில் மூத்திர வாடையே இல்லாமல் போனது! குத்தகை நிலத்தை வழக்கில் இழந்த பதினோரு குடும்பங்களுக்கு அந்தத் தையல் கூடம்தான் சோறு போடுகிறது.

"எம் புள்ளைங்களே தரையில படுக்குதுங்க, பூனைக்கு மெத்தையா, பாய்?" என்று அவரைக் கேட்டார் கூடத்தில் தைக்கும் அம்சம்.

"பூனைக்குத் தைங்கம்மா. ஒங்க புள்ளைங்களுக்கு அது வாங்கித் தரும்" என்றார் அவர். வாங்கித் தந்ததே!

காப்புரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஏன்? அந்த அடுக்கு முறை முன்பே அச்சில் வந்துவிட்டதாம். எதில்? நம் சங்கத்துப் பொங்கல் மலரில். எழுதியது யார்? நான்தான்! பாராட்டி எழுத வந்த வேதியியல் ஆசிரியன், கூடத்தில் பார்த்ததை வைத்து எந்த அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று படமே வரைந்துவிட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் விண்ணப்பித்தார். கெடுதல் செய்துவிட்டோம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அனுமதி பெறாமல் வெளியிட்டேன் என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வழியுண்டு, அனுமதியின்றி அச்சானது காப்புரிமைக்குத் தடையாகாது என்றார் வக்கீல். பாய் என் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு கையெழுத்து சார். உள்ளதுதானே?"

"கேக்காம எடுத்துப் போட்டவன்னு கோர்ட்டுல எம் பேரு நிக்கணுமா, பாய்? யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க சார். அவசரமில்ல."

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் காப்பி கொடுத்து, யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினேன். நான்காம் முறை வரும் முன் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவசரமில்லை என்று அவர் சொன்னது என் கூச்சத்துக்காக. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேனே! முப்பத்தாறு ஆண்டு பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல் என்று பாடம் நடத்தியவன், ஒரு வரி உண்மைக்குப் பயந்தேனே!

வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. அண்ணன் விட்டுச்சென்ற வழக்கைத் தம்பி சேக் தாவூது நடத்துகிறார். நானும் சென்னை போகிறேன். குறுக்கு விசாரணை செய்தால் நா குழறும். குழறட்டும். காப்புரிமை இல்லையென்றால் யாரும் இந்த மெத்தையைத் தைத்து விற்கலாம்; அந்தக் கூடத்தின் தையல் இயந்திரங்கள் நிற்கக்கூடாது.

பத்திரத்துடன் வக்கீலும் நோட்டரியும் முன்வரிசையில் இருக்கிறார்கள். இறங்கிவந்து உங்கள் முன்னால் கையெழுத்திடுகிறேன். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். அவர் இருக்கும்போது போட்டிருக்க வேண்டியது.