கடல் ஒத்துக்கொள்ளாத கேப்டன்

2016 ஐப்பசி, ஒரு செவ்வாய் காலை. மார்த்தாண்டத்திலிருந்து குளச்சல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீனவர்கள். ஒருவர் வளைகுடாவில் ஒரு குட்டி நாட்டின் படகில் வேலை செய்பவர், மறுநாள் அங்கே திரும்புகிறார்.

"எங்க கேப்டனுக்குக் கடலுன்னாலே வாந்தி, மக்கா."

"பின்ன எதுக்குலே அவன கேப்டன் ஆக்கினாவ?"

"எண்ணெ வெலை விழுந்தாச்சுல்லா, அந்த நாட்டுக்காரனுவளுக்கும் வேலை வேணுமே. அவனுவ ஆளு கேப்டனா இல்லாம போட்ட கடல்ல எறக்கப்பிடாதுன்னு புதுச் சட்டம். நான்தான் அவனுக்கு வேலை படிப்பிக்கணும். படிச்சிட்டான்னா எனக்கு விசா கிடையாது."

"கையில என்ன பொதி?"

"சுக்கு. அவனுக்கு வாந்தி நிக்க."

"கிறுக்கா உனக்கு? வாந்தி எடுத்துட்டே கிடக்கட்டு!"

"அவன் ஏறலேன்னா போட்டு போவாது. போன மாசம் பாதியும் கரையிலதான் கிடந்தோம்."

அடுத்தவர் பொதியை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப பாதி சுக்கு குடு. கடலுக்கு வரட்டு, எழும்பி நிக்க வேண்டாம்."