ஆறாவது வரிசையில் நின்ற கார்

பெட்டி அடுக்குவதில் என் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது, டாக்டர். ஏழு நாள் பயணம், நாலு தேசியப் பூங்கா, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. மூடிய பிறகு உள்ளே ஒரு கைக்குட்டைக்குக்கூட இடம் இருக்காது. கிளம்பிய அன்று அவருடைய மூளை எவ்வளவு நன்றாக இருந்தது என்பது உங்கள் குறிப்பில் இருக்கட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எனக்கு அந்தத் திறமை கிடையாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒருவரிடம் மூன்றாம் முறையும் பொறுமையாகக் கேட்டால், அவருக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

முதல் பூங்காவில், மலை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இளம் தம்பதியிடம் அவர் வழக்கமான கதையை எடுத்துவிட்டார். "இவளை ஒரு ரவுண்டானாவுல விட்டீங்கன்னா, பெட்ரோல் தீர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருப்பா." அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன்.

"பலகையில போட்டிருக்கே, அந்த அருவிக்குப் போலாமாங்க?" என்றேன்.

"தண்ணி விழுறதைப் பாக்க எண்பது கிலோமீட்டரா?" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, விடுதி வாசலில் மூன்றாவது வரிசையில் நின்ற காரை எடுத்து ஆறாவது வரிசையில் நிறுத்தினேன். வேறொன்றுமில்லை, விளையாட்டு.

"இங்கதானே விட்டேன்?"

"இல்லீங்களே. அதோ, அந்த வெள்ளை வேனுக்குப் பக்கத்துலதான விட்டீங்க."

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அதுவரை நான் பார்த்திராத ஒன்று. மதியம் வரைக்கும் யாருக்கும் எந்தக் கதையும் சொல்லவில்லை. காட்டில் இத்தனை பறவைகள் கத்துகின்றன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள், திரும்பும்போது வழி தப்பக்கூடாதென்று, பாதை பிரியும் இடத்தில் ஒரு கிளையில் தன் சிவப்புத் துண்டைக் கட்டினார். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று நான் பின்தங்கி, அதை அடுத்த பாதையின் கிளைக்கு மாற்றிக் கட்டினேன். திரும்பும்போது துண்டை நம்பி நாற்பது நிமிடம் நடந்து, ஒரு சேற்றுக் குட்டையில் போய் நின்றோம். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுடி."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. விடுதிக்கு வழியை நான்தான் கண்டுபிடித்தேன்.

நாலாம் நாள் அவராகவே கார் சாவியை என் கையில் கொடுத்தார். அருவிக்குப் போனோம். இரண்டு மணி நேரம் ஆசை தீரப் பார்த்தேன். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட "போலாமா" என்று கேட்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பயணம் இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்தோம். வீட்டிலும் கண்ணாடி, செருப்பு, நாள்காட்டி என்று பொருட்கள் இருக்கத்தானே செய்கின்றன.

தீயணைப்பு நிலையத்தில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அன்று நான் கடையில் இருந்தேன். நிலையத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு மரக்கடையில் தீ. மணி அடித்ததும் வண்டியை வாசல் வரை கொண்டுவந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் "இடதா, வலதா?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொன்ன பிறகும் மறுபடி கேட்டாராம். வண்டி நகரவில்லை. கடை போய்விட்டது, அதன் காவல்காரர் மாடியிலிருந்து குதித்ததில் இடுப்பு உடைந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. என் கணவர் தொப்பியைக் கழற்றி அதிகாரியின் மேசைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி எனக்குப் போன் செய்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே" என்று போன வாரம் புருவத்தைச் சுருக்கினீர்கள். பாவம், உங்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அவர் தலையில் ஒன்றும் இல்லை. எல்லாம் நான் செய்ததுதான். மாத்திரையைக் கொஞ்சம் குறையுங்கள், சாப்பாடே இறங்கமாட்டேன் என்கிறது அவருக்கு. ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம்.

அவரிடமும் இதைச் சொல்ல வேண்டாம். நிம்மதியாக இருக்கிறார். சற்று முன் வெளியே நர்ஸிடம், "என் வீட்டுக்காரி மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ தொலைஞ்சு போயிருப்பேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பற்றி அவர் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான்.