மாதாவும் நெற்றி விளக்கும்

“நான் மாதாவ அணைக்கமாட்டேன்!”

பஸ் டிரைவர் இப்படிக் கத்தியதும் நிமிர்ந்து பார்த்தேன். பொழுது சாய்ந்திருந்தது. ராயபுரம் மார்க்கெட் அருகே எங்கள் பஸ் ஆள் சேரக் காத்து நின்றது. அதன் நெற்றியில் புதிதாகப் பொருத்திய பெரிய விளக்கு, எதிரே நின்ற ஜட்கா குதிரையின் கண்ணில் நேராக அடித்தது. குதிரை மிரண்டு, வண்டியோடு சாக்கடைப் பக்கம் பின்வாங்கியது. ஜட்காக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார்.

“மாதாவ யாருய்யா அணைக்கச் சொன்னா? லைட்ட அணை!”

“ரெண்டுக்கும் ஒரே சுவிச்சு, நைனா. பலகையில ஒண்ணுதான் மிச்சம் கீதுன்னு, மெக்கானிக் நெத்தி லைட்டையும் மாதா படத்து லைட்டையும் அதுலயே கோத்துட்டான். இத அணைச்சா அதுவும் பூடும். மாதா லைட்டு அணையவே கூடாதுன்னு மொதலாளியம்மா உத்தரவு.”

“என் குதிரை கால் ஒடிஞ்சா மொதலாளியம்மாவா வந்து வண்டிய இஸ்துகினு போவாங்க?”

“பேஜாரு பண்ணாத. குதிரைய அப்படித் திருப்பி நிறுத்து.”

“நேத்து வந்த லைட்டுக்கு நான் இன்னாத்துக்குத் திரும்பணும்?”

கடிவாளத்தைப் பக்கத்து வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஜட்காக்காரர் பஸ்ஸின் முன்புறம் ஏறினார். தன் தலைப்பாகையை அவிழ்த்து விளக்கை மூடி இறுகக் கட்டினார். குதிரை அடங்கியது. உள்ளே மாதா படத்தின் விளக்கு அணையாமல் எரிந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார்.

“துணிய அவுத்துக்கோ, நைனா. கீழ் லைட்டு மங்கல். ரோடே தெரியாது.” டிரைவரின் குரல் இறங்கியிருந்தது.

வெறுந்தலையோடு ஜட்காவில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார்.

“மாதா லைட்டு எரியுதுல்ல? அத வச்சுகினு ஓட்டு.”