கிராம்பு மணக்கும் வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள். அது வேண்டாம் என்பேன் நான். முதலில் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட வேண்டும். எஞ்சினைக் கழுவி மினுக்கிவிடலாம். சீட்டுக்குப் புது உறை போட்டுவிடலாம். ஓடின கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். வண்டிக்குள் ஊறிப்போன வாசனையை மட்டும் லேசில் மாற்ற முடியாது.

மாற்றலாம். அதற்குக் கிராம்பு வேண்டும்.

ஸார், தமிழிலேயே எழுதிக் கொடு, மலையாளத்தில் மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. எனக்குத் தமிழ் எழுத்தே நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் சங்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகள் ஜிஷாவைக் கொண்டுவிடப் போவேன். வெளியே சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. ஒரு நாள் உள்ளே போய் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த கை, பென்சில் நிற்காது. அவள் தன் சின்னக் கையை என் கைமேல் வைத்து வளைத்துக் கொடுப்பாள். அப்படிக் கற்ற எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அய்யாசாமி. மட்டாஞ்சேரியில் பிறந்தேன், கொச்சங்காடிக் கிடங்குகளில் மூட்டை சுமந்தேன். சுக்கு, மிளகு, கிராம்பு. முழங்கால் போன பிறகு சுமக்க ஆகவில்லை. அந்தக் கிடங்கில் ஒன்றை ஷாஹிர் வாடகைக்கு எடுத்துப் பழைய வண்டிகளை வாங்கி விற்கத் தொடங்கியிருந்தான். வண்டி கழுவவும், அடியில் துரு சுரண்டிக் கறுப்பு அடிக்கவும் ஆள் வேண்டும் என்றான். அங்கேயே நின்றுவிட்டேன். மூட்டைகள் போய் வருஷங்கள் ஆகியும் அந்தத் தரையைப் பெருக்கினால் மூலையிலிருந்து கிராம்பு வரும். என் சட்டை, வேட்டி, உள்ளங்கை எல்லாம் அந்த மணம்தான்.

அந்த ஷாஹிரைத்தான் நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். கேடான வண்டியைத் தெரிந்தே விற்றான் என்று. வெளியே பெஞ்சில் அவன் மனைவி ரஹீனா உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது எழுந்து, "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வந்தேன். ஷாஹிர் நேர்மையானவன். அந்த வண்டியில் என்ன கேடு என்று அவன் என்னிடம் சொல்லித்தான் கொடுத்தான்.

வரிசையாகச் சொல்கிறேன்.

என் மனைவி சரோஜம்மா போனபோது ஜிஷா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அவளும்தான். வீடு என்றால் ஒரு அறையும் அடுக்களையும். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கிடங்குச் சுவர். பகலிலும் விளக்கு வேண்டும். எனக்கு அதுவே பழகிவிட்டது. அவளுக்குக் கல்யாணம் பேசும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பொன் கேட்காதீர்கள், நானும் ஒன்றும் கேட்கவில்லை, பெண்ணை மட்டும் இங்கிருந்து எங்கேயும் கொண்டுபோகக் கூடாது. மாப்பிள்ளை பினு ஆட்டோ ஓட்டுகிறவன். சரி என்று எல்லோர் முன்னாலும் தலையாட்டினான். எங்களோடேயே வந்து தங்கினான். நல்ல பையன். அவனைப் பற்றி ஒரு குறையும் எழுத எனக்கில்லை.

ஒரு நாள் சோறு தின்னும்போது சொன்னான்.

"மாமா, மூணாறுக்கு மேல என் கூட்டுக்காரன் ஒருத்தன் ஜீப் ஓட்டறான். ஆளுங்கள மலை மேல கொண்டுபோய் காட்டிட்டு எறக்கணும், அவ்வளவுதான். ஃபோர் வீல் இருந்தாத்தான் விடுவாங்க. இங்க ஆட்டோல ஒண்ணும் மிஞ்சல மாமா."

"போய் வர்றதுக்கா?" என்றேன்.

அவன் ஜிஷாவைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"அங்க வீடு கிடைக்கும்ப்பா. நீங்களும் வாங்க."

"எனக்குக் குளிர் ஆகாது."

"மாமா வந்தா மலையே கிராம்பு மணக்கும்" என்றான் பினு. ஜிஷாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

ஆட்டோவை விற்று வந்த பணமும் அவள் வளையல்களும்தான் அவர்கள் கையில் இருந்தன. அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி என்றால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்ததுதான் கிடைக்கும். களைத்தது எல்லாம் கெட்டது இல்லை. நல்ல கையில் ஓடியது இன்னும் அவ்வளவு ஓடும். ஆள் பார்த்து எடுக்க வேண்டும். பினு சொன்னான்: "மாமா அடியில படுத்துப் பாத்து ஓகேன்னா நான் கண்ண மூடிட்டு எடுப்பேன்."

இரண்டு வண்டிகள் வந்தன. இரண்டும் நல்ல வண்டிகள். ஒன்று ஆலுவாவில் ஒரு ரப்பர்க்காரர் வீட்டு வண்டி, அடிப்பாகம் குழந்தையின் பாதம் மாதிரி இருந்தது. கியர் பெட்டி சரியில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டேன். இன்னொன்றை என்ன சொல்லித் தள்ளினேன் என்று இப்போது நினைவில்லை. இதற்குள் பினு சலித்து விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவன் விடவில்லை. மலைப் படங்களைப் போனில் காட்டிக்கொண்டே இருந்தான். ஜிஷா அவன் தோளில் தலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவதாக வந்ததுதான் இந்த வண்டி.

இதைத் தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏற்ற ஓட்டியிருக்கிறார்கள். பின் சீட்டைக் கழற்றி ஐஸ் பெட்டி வைத்து ஓட்டியது. ஐஸ் உருகி வடியும் தண்ணீரில் உப்பு இருக்கும். அது தரை ஓட்டை வழியாக இறங்கி சேஸிஸுக்குள் போய்த் தங்கிவிடும். சேஸிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு, ஸார். உள்ளே வெறும் கூடாக இருக்கும் இரும்பு. உப்பு அதை உள்ளிருந்து தின்னும், வெளியே தெரியாது. ஸ்பேனரால் தட்டினால் நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும். இது பலகை மாதிரிப் பேசிற்று. அதுவும் வலது முன்பக்கம், ஸ்டியரிங் பெட்டியை போல்ட் போட்டு முறுக்கியிருக்கும் இடத்தில்.

ஷாஹிரும் தட்டிப் பார்த்தான். "அண்ணே, இது மனுஷனுக்கு விக்கற வண்டியில்ல. பொளிக்கக் குடுத்துறலாம்" என்றான். உடைத்து இரும்பாக விற்க.

"என் மருமகனுக்கு எடுத்துக்கறேன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "மலைக்கா? வேணாம்ண்ணே. உங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

"ஆலுவாவுல கொண்டுபோய் பிளேட் வெச்சு வெல்டு பண்ணிடுவேன். நான் பக்கத்துல நின்னு பண்ணிக்கறேன்."

"வாக்கா?"

"வாக்கு."

இரும்பு விலைக்கே கொடுத்தான். கல்யாண வீட்டுக்குப் பாலக்காடு போக வேண்டியிருந்தது, சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று நம்பிப் போனான். இதுதான் அவன் செய்த குற்றம். இனி அவனை வைத்திருக்க வேண்டியதில்லை.

வண்டி ஆலுவாவுக்குப் போகவில்லை.

சுவர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்தி, அடியில் படுத்துத் துருவைச் சுரண்டினேன். விரல் வைத்தால் உள்ளே போகிற இடம் இருந்தது. அதில் சாக்குத் துணியைத் திணித்து, மேலே பேஸ்ட் பூசி, காய்ந்ததும் கறுப்பு அடித்தேன். இந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். பின் சீட்டைத் திரும்பப் பொருத்தினேன். வாசனைதான் மிச்சம். பினு ஆட்டோவில் ஹார்பர் மீன் ஏற்றினவன், கதவைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவான். தரையைப் பெருக்கிக் கிராம்பு எடுத்தேன். என் பழைய நீலச் சட்டையைக் கிழித்து முடிச்சு முடிச்சாகக் கட்டி சீட்டுகளுக்கு அடியில் வைத்தேன். மேஜையில் நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அது அதில் ஒன்றுதான். யார் வைத்தது என்று கேட்டீர்கள். நான்தான்.

பினு வந்து கதவைத் திறந்தான். "எந்தா மணம் மாமா! கல்யாண வீடு மாதிரி." கடற்கரை மணலில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். நாலு சக்கரமும் இழுத்தது. அந்த விஷயத்தில் நல்ல வண்டி. திரும்பி வரும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"திருப்பூணித்துறைல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு மாமா. சும்மா ஒரு தடவ காட்டிட்டு..."

நான் சட்டையைக் கழற்றி, வண்டியடியில் படுத்ததில் தோளில் ஒட்டியிருந்த கறுப்பைக் காட்டினேன். எங்கள் ஆட்களிடம் ஒன்று உண்டு, ஸார். பெண்ணைக் கொடுத்தவன் ஒன்றைப் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டால், மாப்பிள்ளை அதை இன்னொருவனிடம் காட்டிக் கேட்பது அவன் முகத்தில் துப்புவது மாதிரி. பினுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ மாமா, நான் அப்படிச் சொல்லல" என்றான். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். சமதரையில் வண்டி ஓடும். மலையில், பாரம் ஏற்றி, வளைவில் ஒடிக்கும்போது ஒரு நாள் ஸ்டியரிங் கைக்கு நிற்காது. பினு முதலில் தனியாகப் போய் வீடு பார்த்து, பிறகு ஜிஷாவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஆகவே அவன் தனியாக இருப்பான். வண்டி எங்காவது மண்மேட்டில் முட்டி நிற்கும், அவன் மனசு தளர்ந்து திரும்பி வருவான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். மலையில் ஒரு பக்கம்தான் மண்மேடு. மறு பக்கம் என்ன இருக்கிறது என்று அவன் போனிலேயே பார்த்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புறப்படுகிற அன்று விடிந்ததும் பூஜை போட்டோம். தேங்காய் நான் உடைத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நான்தான் வைத்தேன். திரும்பிப் பார்க்கிறேன், ஜிஷா பையோடு நிற்கிறாள்.

"நானும் போறேன்ப்பா. வீடு நானும் பாக்கணுமில்ல? ரெண்டு நாள்ல வந்துருவேன். அரிசி அளந்து வெச்சிருக்கேன், கலத்துல போட்டாப் போதும்."

அவள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். "அப்பா, வண்டில உங்க வாசனை" என்றாள்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியாது, சின்ன வயதிலிருந்தே முடியாது. சொன்னால் அவள் பினுவோடு வேறு வண்டியில் போய்விடுவாள், பிறகு என் வாசலை மிதிக்க மாட்டாள். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. பினு எஞ்சினைப் போட்டு ஹாரன் அடிக்கும்வரை யோசித்தேன். பிறகு குனிந்து அவளுடைய பெல்ட்டை இழுத்து மாட்டினேன். இறுக்கமாக இருக்கிறது என்றாள். இருக்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது.

அந்த பெல்ட்தான் அவளைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். அதை மாட்டினது நான் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பினுவின் உடலை இரண்டாம் நாள்தான் பள்ளத்திலிருந்து மேலே எடுத்தார்கள். ஜிஷாவுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். சுவர்ப் பக்கம் கட்டில் போட்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் நான். அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு அப்பன் உண்டா என்று சொல்கிறார்கள். அவள் அதிகம் பேசுவதில்லை. கஞ்சியோடு கிட்டே போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கைய கழுவிட்டு வாங்க" என்பாள். கழுவிவிட்டு வந்தாலும் அதையே சொல்வாள். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். கிராம்பு வாசனை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. தலையில் அடிபட்டவர்களுக்கு அப்படி ஆகுமாம்.

பக்கத்து வீட்டு சங்கரி, நான் இருக்கேன், நீங்க போங்க என்றாள். ஜிஷாவும் அவளைக் கூப்பிடச் சொன்னாள். எதற்கு வெளியாட்கள். கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், சாவி இடுப்பில் இருக்கிறது.

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். ஷாஹிரை விட்டுவிடுங்கள். என்னையும் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள், ஸார். கஞ்சி கொடுக்கிற நேரம். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?