ஏழு இடத்தில் கடவுள்

அச்சுல ஏழு எடத்துல கடவுள்னு வந்துடுச்சு. நான் குடுத்த தாள்ல ஒரு எடத்துலகூட கடவுள் கெடையாது.

உக்காரு தம்பி. கோப்பி ஆறுது, குடி. கஜா பெராங் வரைக்கும் இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கே. ஒன்னைய அனுப்புன சோலையப்பன்தான் அதச் செஞ்சது. ஆமா லா, ஒங்க பத்திரிகை ஆசிரியர்தான். சொல்லலியா? சொல்லமாட்டான்.

மெர்டேக்கா சுதந்திர நாள் மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை வேணும்னான். குடுத்தேன். வானத்துல நட்சத்திர மண்டலங்க கொத்துக் கொத்தா இருக்கு. அதுங்க ஓடுற வேகத்துக்கு எப்பவோ செதறிப் போயிருக்கணும். கண்ணுக்குத் தெரியற எடை புடிச்சு வைக்கப் பத்தாது. அப்ப வெளிச்சமே காட்டாத ஏதோ ஒரு வஸ்து கூட இருந்து இழுத்துப் புடிக்குது. அது என்னன்னு எவனுக்கும் தெரியாது. அவ்வளவுதான் கட்டுரை.

தெரியாதுன்னா முடிக்கிறது? மலராச்சே, மங்களமா முடியணுமாம். வஸ்துன்னு இருந்த எடத்துலல்லாம் கடவுள்னு போட்டுட்டான். தூ. போய்க் கத்தினேன். திருத்தம் கெடையாதுன்னுட்டான்.

அதோட விட்டானுங்களா? மறு வாரம் கோயில் மண்டபத்துல எனக்குப் பொன்னாடை. கோயில் தலைவர் சிதம்பரநாதன் செட்டியாரு என்னைய ஞானிங்கிறாரு. மேளம் வேற. நான் என்ன செஞ்சேன்? கழுத்த நீட்டிக்கிட்டு நின்னேன். சிரிக்காதே. நீயும் நீட்டுவே.

பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து ஒரு கொரல். நிறுத்துங்க, தெரியாதுன்னு எழுதின எடத்துல கடவுள எதுக்குக் கொண்டாந்து வச்சீங்கன்னு. கையில மூலத் தாளு. மொத வரியிலேர்ந்து படிச்சா. மேளக்காரன் வாயப் பொளந்துட்டான். செட்டியாரு விரிச்ச சால்வையோட அப்படியே நின்னாரு. முடிக்கிற வரைக்கும் ஒருத்தன் எந்திரிக்கல. அப்புறம் சோலையப்பன் என்ன பண்ணுவான்? முழுசையும் திரும்ப அச்சுப் போட்டான். கீழ என் பேரு.

என்ன, அடுத்த கட்டுரையா? என்கிட்டயா? எனக்கு வடக்கு தெக்குகூட வானத்தப் பாத்துச் சொல்லத் தெரியாது. பொண்ணு பேர்ல வந்தா எவன் படிப்பான்னு என் பேர எழுதிக் குடுத்தவன் நான். சோலையப்பன் ஏழு எடத்துல மாத்தினான். நான் ஒரு எடத்துல.

பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரந்தான். அன்னைக்கு மண்டபத்துல படிச்சாளே, அவளக் கேளு. பேரச் சரியா எழுதிக்க. என் மக, சந்திரமதி.