விட்டுப் பிடித்த பெயர்

அன்று தம் துணிக்கடையின் மாடியை எங்களுக்காகத் திறந்துவிட்டு, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தளவாய் அய்யா அவர்களே, சாலைக் கடைத்தெருவின் பெரியோர்களே, தூறலிலும் குடை மடக்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனித் தோழர்களே, உங்கள் ரத்னாபாயின் வணக்கம்.

ஆழிப்பேரலை வந்து ஓராண்டாகிறது. அந்த வாரம், இன்று நினைத்தால், நீருக்கடியில் நடந்ததுபோல் இருக்கிறது. ஓசையில்லை, ஒளி மட்டும் அசைகிறது.

குமரிக் கரையோரம் பதினோரு முகாம்கள். முகாமுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதில் தப்பியவர்களின் பெயர்கள். இந்த மாடியிலிருந்த எங்கள் கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைனில், முகாம் முகாமாகக் கூப்பிட்டு, புதுப் பெயர்களை இங்கே பதிய வேண்டும். அந்த புரோகிராமை எழுதியவள் நான். எப்படி எழுதினேன்? கிடைக்காத முகாமைக் கிடைக்கும்வரை கூப்பிடு, ஓயாதே, ஒதுங்காதே. அக்கறை என்று எண்ணி அவசரத்தை எழுதிவைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கொத்தனார் வேலாயுதன் வந்தார். மனைவி விஜயம் கடலோரத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். அந்த ஊர் முகாமின் டெலிபோன் கம்பியோ அறுந்து கிடந்தது. செத்துப்போன அந்த லைனையே எங்கள் புரோகிராம் தட்டிக்கொண்டிருந்தது. மற்றப் பத்து முகாம்கள்? கேட்பாரின்றிக் கிடந்தன.

என்னோடு வேலை பார்த்த சிபி சொன்னான்: "சேச்சி, அத விட்டுட்டு மத்தது விளிக்கணும். கால் மணிக்கு ஒரு சுற்று மதி, அது போதும். கிட்டாத முகாம அஞ்சு நிமிஷம் கழிச்சு, பின்ன பத்து, பின்ன இருபது."

வேலாயுதன் எழுந்துவிட்டார். "அங்கனதான் அவ வீடு. அத விட்டுரப்பிடாது மோளே."

காத்திருப்பவர் முகம் பார்த்து, காத்திருக்கும் நேரத்தை எப்படி நீட்டுவேன்?

"விடல அண்ணே. மத்த இடமெல்லாம் கேட்டுட்டுத் திரும்ப அங்க வருவோம்."

"வருவியளா?"

"வருவோம்."

அவர் பெஞ்சில் அமர்ந்தார். நான் புரோகிராமில் சிபி சொன்ன நிமிஷக் கணக்கை எழுதினேன்.

கை தட்டாதீர்கள் ஐயா, பொறுங்கள். முதல் சுற்றில் நாற்பது பெயர்கள் வந்தன, விஜயம் இல்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. மூன்றாம் சுற்றில், எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு முகாமிலிருந்து ஒரு வரி வந்தது: விஜயம், வயது முப்பத்தொன்று, வலது கால் முறிவு, சிகிச்சையில். யாரோ லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ஒண்ணுகூடி வாசி மோளே, இன்னொருக்கா" என்றார். மூன்று முறை வாசித்தேன்.

அந்த அறுந்த லைன்? சொன்னபடி அங்கும் திரும்பத் திரும்பப் போனோம். மறுநாள் மதியம் அதுவும் பேசியது, அறுபத்தாறு பெயர்கள்.

அன்பர்களே, ஓயாமல் தட்டுவது வேறு, ஓய்ந்து ஓய்ந்து தட்டுவது வேறு. ஒரு கதவிலேயே நின்றிருந்தால் விஜயம் என்ற பெயர் நமக்கு வந்திருக்குமா?

விஜயத்தின் பெயர் வந்த அன்று, அந்த முகாமுக்குப் போக வேலாயுதனுக்கு நான்கு மணிக்குப் பஸ். அப்போது மணி மூன்று. படியிறங்கியவர் திரும்பி வந்தார். "மத்த பேரையும் தா மோளே. கீழ ஆளுகள் நிக்காங்க" என்றார். தாளை வாங்கிக்கொண்டு, தெருவில் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று, ஒவ்வொரு பெயராக, நிறுத்தி, உரக்க வாசித்தார்.

அந்தக் குரலை அன்று கேட்டவர்களுக்கும், இன்று என் குரலைப் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. வணக்கம்.