பழகிவிடும்

சார், நீங்கள் காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிப்பதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். அந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை எழுத்தைப் பெரிதாக்கியே எழுதித் தருகிறேன்.

இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டைப் பார்த்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்காரவைப்பது என் வேலை. மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி படிப்பதற்கு என்று நடுவில் கோடு போட்ட கண்ணாடி இருக்கிறதே, அதில்தான் தொழில் தெரிந்தவன் யாரென்று தெரியும். கோடு கீழ் இமையை ஒட்டி நிற்க வேண்டும். ஆளை எதிரே உட்காரவைத்து, ஃப்ரேமை மாட்டி, இமைக்கு நேராக அதன் கண்ணாடியில் மையால் ஒரு கோடு இழுப்பேன். ஃப்ரேமின் அடிவிளிம்பிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து அட்டையில் குறித்துக்கொள்வேன். கோடு மேலேறிப்போனால் உட்கார்ந்து படிப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. படி இறங்குகிறவருக்குத்தான் கால் வைக்கிற இடம் கலங்கி, படி எழும்பி வருவது போல் இருக்கும்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் என் அக்கா. எனக்குத் தலைவாரி, என் சட்டைக்குப் பித்தான் தைத்து, அவளுடைய கல்யாணப் பேச்சையே மூன்று வருஷம் ஒத்திப்போட்டவள். அவளைக் கட்டிக்கொண்ட அத்தான் தையல் மெஷின் மெக்கானிக். வீட்டு மாடி அறைதான் அவருடைய பட்டறை. ஊரிலுள்ள மெஷினையெல்லாம் ஓடவைக்கிற மனிதருக்குத் தன் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு திருகாணியை முடுக்க நேரமில்லை. ஆடுகிறது, ஆடுகிறது என்று அக்கா நாலு மாதம் சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அவரும் நாலு மாதம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு இறங்கியவள் விழுந்தாள். கைப்பிடி கையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மச்சான், என் தப்புதான்" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. மறுவாரமே உட்கார்ந்து கைப்பிடியை முடுக்கிவிட்டார். அதைப் பார்த்த அன்றுதான் முடிவு செய்தேன்.

அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போனேன். வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகள், என் அக்கா பெண், அந்த நேரத்தில்தான் போனில் பேசுவாள். "மாமா, அப்பாவைப் பாத்துக்கோங்க" என்று என்னிடம் சொல்வாள். பார்த்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் கைப்பிடிப் பேச்சை எடுப்பேன். அவர் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வருஷத்தில் என்னை ஒரு மாதிரி, காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. ஊசியில் நூல் கோர்க்க ஒன்று, தெருவுக்கு ஒன்று. இரண்டும் வேறு கடையில் வாங்கியவை. போன மாதம் நானே பேச்சை எடுத்தேன். கழற்றி மாட்டுகிற தொல்லை எதற்கு, ஒரே கண்ணாடியாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, "சரி, நீயே போடு மச்சான். இந்தத் தடவை பாத்துப் போடு" என்றார். அதற்கு முன்பு நான் அவருக்குக் கண்ணாடி போட்டதே இல்லை. வயதானால் பேச்சு தடுமாறும் என்று விட்டுவிட்டேன்.

அளவு சரியாகத்தான் எடுத்தேன். பதினேழு. லென்ஸில் வைத்தது இருபது. மூன்று மில்லிமீட்டர் போதும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அனுபவம்தான் சார். கோடு ஏறிப்போனதைக் கண் ஒரு வாரத்தில் ஓரளவு பழகிக்கொள்ளும், கழுத்தைக் குனியக் கற்றுக்கொள்ளும். அந்த ஒரு வாரத்துக்குள் காரியம் முடிய வேண்டும். வியாழக்கிழமை கண்ணாடியைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கைப்பிடி இப்போது உறுதியாக இருந்தது. அதனால் அவருடைய இரண்டு கையும் காலியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்காவின் தையல் மெஷினை என் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசை என்றேன். கண்கலங்கிவிட்டார். மாடி அறையில் மேசையிலிருந்து மெஷினைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மேல்படிக்கு வந்தார். நான் கீழே நின்றேன். ஒரு காலை நீட்டி, வைக்காமல் நின்றார்.

"மச்சான், படி எழும்பி எழும்பி வருது. உங்கக்காவும் இதையேதான் சொல்லிட்டிருந்தா."

"பழகிடும் அத்தான்" என்றேன். பிறகு என் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணு லைன்ல இருக்கா. அழறா. சீக்கிரம் வாங்க" என்றேன்.

போனில் யாரும் இல்லை. அவள் பேச இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பெற்ற மனம், ஓடித்தானே வரும். மெஷின் அவருக்கு முன்னால் கீழே வந்து சேர்ந்தது. சரியாக அரை மணி கழித்து அவள் கூப்பிட்டபோது நான்தான் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

இதுவரை எழுதி முடித்தபோது நீங்கள் இன்னொரு டப்பாவை மேசைமேல் வைத்தீர்கள். அத்தானின் பீரோவில், துணியில் சுற்றி வைத்திருந்தது என்றீர்கள். திறக்காமலே சொல்வேன், அது என் கடை டப்பா. உள்ளே இருப்பது அக்காவின் கண்ணாடி. அவள் விழுந்தபோது போட்டிருந்தது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அக்காவுக்கு முதலில் பெரிய ஃப்ரேமில்தான் அளவெடுத்தேன். பதினேழு. முகத்துக்குப் பெரிதாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் சின்ன ஃப்ரேம் கேட்டாள். அடிவிளிம்பு மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்கிற ஃப்ரேம். கடையில் கூட்டம். அட்டையில் பதினேழு இருந்தது, பதினேழே வைத்தேன். புது ஃப்ரேமுக்கு மறுபடி அளக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். மறுநாள் போனில், படி எழும்பி வருதுடா என்று சொன்னாள். பழகிடும்க்கா என்றேன். அந்த அட்டையைப் பிறகு கிழித்துப் போட்டேன். பழைய அட்டைகள் இடத்தை அடைக்கின்றன. வேறு காரணம் இல்லை. கைப்பிடி ஆடாமல் இருந்திருந்தால் அவள் பிடித்து நின்றிருப்பாள், சார்.

டப்பாவில் வேறொரு கடையின் சீட்டு மடித்து வைத்திருப்பதை நீங்களே படித்துக் காட்டினீர்கள். அக்காவின் பழைய கண்ணாடியோடு ஒப்பிட்டு அளந்ததில் கோடு மூன்று மில்லிமீட்டர் மேலே என்று எழுதியிருக்கிறது. தேதி, அக்கா இறந்து எட்டு மாதம் கழித்து. ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஒரு வருஷத்துக்கும் மேல் என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். தெரிந்துகொண்டுதான் என்னிடமே கண்ணாடி போடச் சொன்னார்.

எனக்கு அதுதான் புரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். எதையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற மனிதர், சார். அவர் வீட்டில் இரண்டு உயிர் போனதற்கும் அந்தக் குணம்தான் காரணம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.